நூறு கவடு

காட்டுக்குப் போகிறவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது கலியாண வீட்டுக்குச் சமைப்பதைவிடக் கரைச்சலான வேலை. கலியாண வீட்டில் உப்புக் கூடினால் நாலு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். காட்டில் மூன்றாம் நாள் சோறு பழுதாகிப் போனால் தின்ன வேறு ஒன்றும் கிடையாது. என் தம்பி தேனுக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடு கட்டினது நான்தான். அவனுக்கு மனைவி இருக்கிறாள், நல்ல கெட்டிக்காரி. ஆனாலும் இந்த ஒரு வேலையை நான் அவளிடம் விட்டுக் கொடுக்கவில்லை. அம்மா போனபிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது நான் என்ற திமிர் எனக்கு. அந்தத் திமிரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அது என் தம்பியின் முகத்தைத் தின்றுவிட்டது.

எங்கள் வீடு முல்லைத்தீவுப் பக்கத்தில், பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல்கட்டை உள்ளே. வீட்டுக்குப் பின்னால் வயல், வயல் முடிகிற இடத்தில் ஒரு சின்னக் குளம், குளத்துக்கு அங்கால் காடு. அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அங்கே கலவரத்தில் தமிழரை அடித்துக் கலைத்தபோது கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா சாகும்வரை 'ஆமா' என்றுதான் சொன்னா. நாங்கள் இங்கே பிறந்து 'ஓம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சு ஒட்டிக்கொண்ட அளவுக்குக் காடு எங்களுக்கு ஒட்டவில்லை. எந்த மரத்தில் தேன் இருக்கும், எந்த நேரம் எந்தப் பாதையில் நடக்கக்கூடாது என்பதெல்லாம் இங்குள்ள பழைய ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். நாங்கள் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதனால்தானோ என்னவோ, எழுதிக் கொடுத்த எதையும் நான் பெரிதாக நம்புவேன்.

தம்பியோடு போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற அண்ணை. வன்னியிலேயே பிறந்து வளர்ந்த பழைய குடும்பம், காட்டுக்குள் கண்ணைக் கட்டி விட்டாலும் வீட்டுக்கு வந்து சேருவார். மற்றவர் அவருடைய மருமகன், மூன்று சின்னப் பிள்ளைகளின் தகப்பன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு மூன்று பேரும் கிளம்புவார்கள். காட்டு வாசலில் ஒரு குழையை முறித்துப் போட்டு ஐயனாரைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனால் மூன்று இரவு, நான்கு இரவு கழித்துத்தான் வெளியே வருவார்கள்.

தங்குவதற்கு அண்ணையிடம் ஒரு முறை இருந்தது. பாலைமரம் பழுத்துக் கிடக்கிற இடத்தில் படுக்கக்கூடாது. பாலைப்பழம் என்றால் கரடிக்கு உயிர். தண்ணீருக்குப் பக்கத்திலும் படுக்கக்கூடாது, எல்லா மிருகமும் அங்கேதான் வரும். காய்ந்த ஆற்று மணலில், நாலு பக்கமும் வெளியாகத் தெரிகிற இடத்தில் நெருப்பை மூட்டிவிட்டு அதைச் சுற்றிப் படுக்க வேண்டும். சாப்பாட்டை உரப்பையில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன். அண்ணை சிரித்தார்.

"தங்கச்சி, எங்கட கரடி தேனுக்கு மரம் ஏறுற சாதி. சோத்துக்கு ஏறாதோ?"

இந்த முறைகளையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிக்க முடியாதபடி இன்னொரு தொல்லை இருந்தது. அந்தக் காட்டில் தேன் எடுக்க இப்போது அனுமதி இல்லை. எல்லைக்கல் போட்டாயிற்று. காவலுக்கு வருகிறவர்களிடம் அகப்பட்டால் வழக்கு. அதனால் களவாகத்தான் போய் வர வேண்டும். கரடிக்குப் பயந்தால் கதைத்துக்கொண்டு, கூக்காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மனுசன் வருகிறான் என்று தெரிந்தால் அது தன் பாட்டில் விலகிப் போய்விடும். காவலுக்குப் பயந்தால் மூச்சுக் காட்டாமல் நடக்க வேண்டும். கரடிக்கு நெருப்பு வேண்டும், காவலுக்குப் புகை கூடாது. ஒன்றுக்குப் பயந்தவன் மற்றதன் கையில் போய் விழ வேண்டியதுதான். இதை யாரிடம் போய் முறையிடுவது? வயல் எங்கள் பேரில் இல்லை, கூலி வேலை மாதத்தில் பத்து நாள் கிடைத்தால் பெரிய காரியம். தேன் இல்லாவிட்டால் அந்த மாதங்களில் தம்பி வீட்டில் அடுப்பு எரியாது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நிறுவனம் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தது. காட்டு மிருகங்களோடு சேர்ந்து வாழ்வது எப்படி என்று விளக்கம் தரப்போகிறார்கள் என்றார்கள். காட்டுக்குப் போகிற ஆண்கள் ஒருவரும் வரவில்லை, அவர்களுக்குப் பகலில் வேலை. காட்டுப் பக்கமே போகாத பெண்கள் நாங்கள் முப்பது பேர் போய் கதிரையில் இருந்தோம். பொய் சொல்வானேன், தேத்தண்ணியும் ரோல்ஸும் தருவார்கள் என்பதும் ஒரு காரணம். வவுனியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை கதைத்தா. நல்ல பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும், தொண்டை வரளும்வரை எங்களுக்கு விளங்கப்படுத்தினா. பிறகு ஆளுக்கு ஒரு தாளும், மூடி இறுக்குகிற நீல வாளி ஒன்றும் தந்தார்கள்.

தாளில் ஒரு கரடி நின்றது. மண்ணிறம், பெரிய உடம்பு, ஆற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு வாயில் ஒரு மீனைக் கவ்வியிருந்தது. எங்கள் கரடி கறுப்பு, சடை மயிர், நெஞ்சில் வெள்ளைக் கோடு. மீனைக் கண்டால் என்னவென்று கேட்கும். என் பக்கத்தில் இருந்தவ, "இது எந்த ஊர் மாப்பிள்ளையடி?" என்று கேட்க எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மூன்று தரம் வாசித்தேன்.

கரடி மணத்துக்கு வரும் என்று எழுதியிருந்தது. சாப்பாட்டை மணம் வெளியே போகாத பாத்திரத்தில் போட்டு மூட வேண்டும். படுக்கிற இடத்தில் ஒருபோதும் வைக்கக்கூடாது. படுக்கிற இடத்திலிருந்து நூறு மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். சமைத்த உடுப்போடு படுக்கக்கூடாது என்றும் இருந்தது. இடுப்பில் இருக்கிறதே ஒரு சாரம், இதில் மாற்றுவதற்கு எங்கே போவது என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் வேதவாக்கு எனக்கு.

அடுத்த பயணத்துக்கு மூன்று நாளைக்கு முன்பே திட்டம் போடத் தொடங்கினேன். கருவாடு வேண்டாம், மாசிச் சம்பல் வேண்டாம், மணக்கிற ஒன்றும் வேண்டாம். தேங்காய் ரொட்டி, வறுத்த அரிசிமா, அவித்த பருப்பு. எல்லாவற்றையும் தனித்தனியாகப் பொதி செய்து நீல வாளிக்குள் அடுக்கி மூடியை இறுக்கினேன். வேலிக்கு அங்கால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணையிடம் நூறு மீற்றர் கதையைச் சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, சோறு ஆளோட கிடக்கவேணும். விடியவெள்ளன காட்டுக்கை தனிய நடக்கிற நடைதான் ஆபத்து. சாப்பாடு எடுக்கவெண்டு ஏன் ஒரு நடை கூட நடப்பான்?"

"அண்ணை, இது படிச்சவை எழுதினது. நீங்களும் நானும் என்னத்தைக் கண்டம்?"

"நான் காட்டைக் கண்டனான்," என்றார்.

"அப்ப நீங்கள் உங்கட சோத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுங்கோ. என்ர தம்பியின்ர சாப்பாடு தள்ளித்தான் இருக்கும்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணை சிரித்துக்கொண்டு போய்விட்டார். சாப்பாடு மூன்று பேருக்கும் நான் கட்டுவதுதான், ஆகவே என் சொல்தான் நின்றது.

தம்பி வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, நூறு மீற்றர் எண்டால் எவ்வளவு?" என்று கேட்டான்.

"நூறு கவடு எண்டு வை."

எங்கள் பக்கத்தில் நிலத்தைக் கவட்டால் அளப்பதுதான் வழக்கம். காலை நன்றாக எட்டி வைத்தால் ஒரு கவடு. ஒழுங்கையில் வாளியோடு அவனை நடக்கவிட்டு எண்ண வைத்தேன். ஒன்று, இரண்டு என்று அவன் காலை அகட்டி அகட்டி வைக்க, அவனுடைய மகள் பின்னால் அதேபோல் அகட்டிக்கொண்டு போனாள். மச்சாள், அவன் மனைவி, படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நூறாவது கவடு கிணற்றடியில் போய் முடிந்தது. அங்கே நின்று திரும்பி, "காணுமோ அக்கா?" என்று கத்தினான். போதும், காணும் என்று கை காட்டினேன். அந்த நேரம் அவன் முகம் முழுதாக இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அந்த முகத்தை அந்தத் தூரத்தில் வைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் பயணம் நன்றாக முடிந்தது. வாளியில் ஒரு பல் அடையாளம் இல்லை, ரொட்டி நாலாம் நாளும் பழுதாகவில்லை. நான் ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் பயணத்தில்தான் நடந்தது. அண்ணை சொன்னதை வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் தம்பிக்குக் கனக்க ஞாபகம் இல்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் காட்டுப் பாதையில் புது மோட்டார் சைக்கிள் தடம் கண்டிருக்கிறார்கள். காவல் அண்டையில் நிற்கிறது என்று பயந்து மணல்வெளியை விட்டுவிட்டுப் பற்றைக்குள் தங்கியிருக்கிறார்கள். நெருப்புப் பெரிதாக மூட்டவில்லை. பொழுதுபடுகிற நேரம் தம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு எண்ணி நடந்து நூறாவது கவட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். இருளத் தொடங்கியதால் அந்த இடத்தை வடிவாகப் பார்க்கவில்லை. வாளி இருந்த இடத்துக்கு நாலு எட்டுத் தள்ளி ஒரு பெரிய கறையான் புற்று இருந்தது.

விடிந்து, நிலம் வெளுக்கிற நேரம், தம்பி சாப்பாட்டை எடுக்கப் போனான். மற்றப் பொழுதாக இருந்தால் கூக்காட்டிக்கொண்டு போயிருப்பான். மோட்டார் சைக்கிள் தடத்தை நினைத்துச் சத்தம் போடாமல் நடந்தான். புற்றுக்கு அந்தப் பக்கத்தில் கரடி தலையை உள்ளே விட்டுக் கறையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அது போடுகிற உறிஞ்சல் சத்தத்தில் அதற்கு இவன் வந்தது கேட்கவில்லை. இவன் குனிந்து வாளியின் கைபிடியைப் பிடித்தபோதுதான் இரண்டும் ஒன்றையொன்று கண்டன. கையெட்டுகிற தூரம். அதுவும் பயந்துதான் போயிருக்கும். எழும்பி நின்று முகத்தில் ஒரு அறை, பிறகு வாயால் ஒரு பிடி. அண்ணையும் மருமகனும் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது அது போய்விட்டது. வாளி அப்படியே மூடினபடி கிடந்ததாம். ஒரு கீறல்கூட இல்லையாம்.

தூக்கிக்கொண்டு வெளியே வர அரை நாள் எடுத்தது. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் இரத்தத்தை நிற்பாட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர்மார் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் இல்லாத ஒன்றை யாரால் தைக்க முடியும்? இடது கண் போயிற்று. மூக்கில் பாதி, இடது கன்னம், மேலுதடு. கட்டை அவிழ்த்த அன்று மச்சாள் வெளியே ஓடிப்போய் விறாந்தையில் இருந்துவிட்டாள். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். நான் செய்தது, நான்தானே பார்க்க வேண்டும்.

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் ஒரு கிழமை எங்கள் பக்கம் திரும்பவில்லை. பால் கொடுத்தால் தட்டிவிட்டான். சாவதற்குத்தான் அப்படிச் செய்கிறான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது ஒருநாள் அண்ணை பஸ் ஏறி வந்தார். கட்டில் ஓரத்தில் இருந்து, நான் கேட்டுக்கொண்டிருக்க, அவனிடம் சொன்னார்:

"தம்பி, ஒண்டை யோசி. அந்த வாளி எங்கட தலைமாட்டில இருந்திருந்தா அது அங்கதான் வந்திருக்கும். நித்திரையில மூண்டு பேரையும் முடிச்சிருக்கும். நீ சாப்பாட்டைத் தள்ளி வைச்சபடியால்தான் நாங்கள் உயிரோட இருக்கிறம். என்ர மருமகன்ர மூண்டு பிள்ளையளுக்கும் இண்டைக்குத் தேப்பன் இருக்குதெண்டா அது உன்னாலதான்."

தம்பி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தான். அன்று பின்னேரம் பால் குடித்தான்.

விறாந்தையில் நான் அண்ணையை மறித்தேன். "உண்மையோ அண்ணை?" என்று கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "பெடியன் சாப்பிட்டானெல்லோ? அது காணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னைத் திட்டுவதற்கு அவரிடம் எல்லா நியாயமும் இருந்தது. ஒரு சொல் திட்டவில்லை. அது எனக்கு அடித்ததைவிட மோசமாக இருந்தது.

தம்பி வீட்டுக்கு வந்தான். முதல் மாதம் அவன் மகள் அவனுக்குக் கிட்டப் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு இருத்தி, உதடு ஒட்டாத அந்தப் பேச்சில், தான் எப்படிச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தான், எப்படி அந்தக் கரடி மற்ற மாமாக்களிடம் போகாமல் தன்னிடம் வந்தது என்று கதையாகச் சொன்னான். பிள்ளை வாயைப் பிளந்து கேட்டது. பிறகு கையை நீட்டி அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் போய், தன்ர அப்பா இரண்டு பேரைக் காப்பாற்றினவர் என்று சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு அவன் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டான். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொன்னான். சொல்லச் சொல்ல நிமிர்ந்து இருந்தான்.

ஊரும் அதைப் பிடித்துக்கொண்டது. அவன் முகத்தைப் பார்த்தபிறகு யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? காட்டுக்குப் போகிற ஆண்கள் எல்லோரும் சாப்பாட்டை நூறு கவடு தள்ளி வைக்கத் தொடங்கினார்கள். 'அக்காவின்ர நூறு கவடு' என்று அதற்குப் பேரும் வந்துவிட்டது. கோயிலில் கண்டால் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "உங்கட மூளைக்கு எங்கட மனுசன்மார் தப்பினவை," என்பார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்து குசினிக்குள் இருந்து அழுவேன். வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது.

அடுத்த வருடம் அதே நிறுவனம் மறுபடி கூட்டம் வைத்தது. அதே பிள்ளைதான் வந்தா. எல்லோரும் போனபிறகு நான் நின்று கேட்டேன்.

"பிள்ளை, எங்கட கரடி சோத்து மணத்துக்குப் படுத்த ஆளிட்ட வருமோ?"

அவ கொஞ்சம் யோசித்தா. "அப்படிப் பெரிசா வாறேல்லை, அம்மா. இதுகள் கறையானும் பழமும் தேனும்தான். ஆளைத் திடீரெண்டு கிட்டக் கண்டால்தான் பாயும். சத்தம் போட்டு, கூட்டமா நடக்கிறதுதான் முக்கியம்."

"அப்ப அந்த நூறு மீற்றர்?"

"அது வெளிநாட்டுத் தாள் ஒண்டைத் தமிழில மாத்தினது, அம்மா. அங்கத்தைய கரடிக்குச் சரி. இஞ்சத்தையதுக்கு வேற தாள் அடிக்கவேணுமெண்டு நானும் சொல்லியிருக்கிறன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன் கேக்கிறியள்?" என்றா.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கும் ஒரு சுமையை ஏற்றி என்ன பயன்? எனக்கு முன்பே தெரிந்ததுதான் அவ சொன்னது. அண்ணை வேலியில் நின்று சொன்னதும் அதுதான்.

அதன்பிறகும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். தம்பி கஞ்சி குடிக்கிறான், மகளோடு கதைக்கிறான், அது காணும் என்று அண்ணை மாதிரியே நானும் நினைத்துக்கொண்டேன். ஊர் ஆண்களைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

போன வைகாசியில் ஒரு மத்தியானம் தம்பி என் குசினிக்கு வந்தான். கஞ்சி கொடுத்தேன். இப்போதும் குடிக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான், ஓரத்தால் வழியும். குடித்து முடித்துத் துடைத்துவிட்டுச் சொன்னான்:

"அக்கா, பொங்கல் முடியத் தேனுக்குப் போறன்."

"உனக்கென்ன விசரோ?"

"வேற என்ன செய்ய? கூலிக்கு ஒருத்தரும் கூப்பிடுகினமில்லை. கடைக்குப் போனா பிள்ளையள் அழுதுகள். காட்டில ஒருத்தரும் முகம் பாக்கிறதில்லை, அக்கா."

அவன் தொடர்ந்து சொன்னான். அண்ணைக்கு முழங்கால் ஏலாது, இனித் தான்தான் ஆட்களைக் கொண்டுபோகப் போகிறானாம். மருமகன் வருகிறானாம், அடுத்த ஒழுங்கையில் இருந்து இரண்டு புது ஆட்களும் வருகிறார்களாம். இரண்டு பேருக்கும் காடு தெரியாது. அவர்களுக்கு எல்லாம் பழக்கிக் கொடுக்கப்போகிறானாம்.

"சாப்பாடு நூறு கவடு தள்ளித்தான். விடிய எடுக்கிறதுக்கு ஆள் மாறி மாறிப் போகலாம். முதல் நாள் புது ஆக்களை விட்டுப் பழக்குவம்."

அவன் நல்ல கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்தக் காலத்தில் கிணற்றடியில் நின்று காணுமோ என்று கேட்டபோது இருந்த வெளிச்சம். இதற்கு மேல் பேசாமல் இருந்தால் இன்னொரு பெண் விறாந்தைக்கு ஓட வேண்டிவரும் என்று எனக்குத் தெரிந்தது.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தாள் வேறு நாட்டுக் கரடிக்கு எழுதியது என்பதையும், எங்கள் கரடி சாப்பாட்டுக்கு வரவில்லை, கறையானுக்கு வந்தது என்பதையும், வாளி தலைமாட்டில் இருந்திருந்தால் அது தன் பாட்டில் புற்றைத் தின்றுவிட்டுப் போயிருக்கும் என்பதையும் சொன்னேன். அண்ணை ஆஸ்பத்திரியில் சொன்னது அவனைச் சாப்பிட வைக்கச் சொன்னது என்றேன். மீற்றரைக் கவடாக்கி அவனை அந்தப் புற்றடிக்கு அனுப்பினது நான் என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நல்லது.

அவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான்:

"அப்ப என்ர முகம் சும்மா போச்சுதோ, அக்கா?"

அவன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

அதன்பிறகு என் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். சாப்பாட்டை மச்சாள் கட்டுகிறாள். ரோட்டில் கண்டால் கதைப்பான், கேட்டதற்குப் பதில் சொல்வான். மகளிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவள் இன்னும் பள்ளிக்கூடத்தில் தகப்பனைப் பற்றிப் பெருமை பேசுகிறாள். நான் ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய் நூறு கவடு வேண்டாம், சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர், கரடியிடம் அடிபட்டவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ என்றார்கள்.

பொங்கல் முடிந்து அவர்கள் காட்டுக்குப் போய் வந்த மறுநாள் அண்ணையின் மருமகன் என் படலையில் வந்து நின்றான். சொல்வதா விடுவதா என்று தெரியாமல் சைக்கிள் மணியைத் தட்டிக்கொண்டு நின்றான். நான் கேட்டபிறகுதான் சொன்னான்.

"அக்கா, அவர் எங்கட சாப்பாட்டையெல்லாம் எங்கட தலைமாட்டில வைக்கச் சொல்லிப்போட்டார். தன்ரையை மட்டும் எண்ணிக்கொண்டு போய்த் தள்ளி வைக்கிறார். வேண்டாமெண்டா கேக்கிறாரில்லை. விடிய எடுக்கப் போகேக்க எங்களை ஒருத்தரையும் கூட வர விடுறாரில்லை. கூக்காட்டுங்கோ எண்டா அதுவும் இல்லை. சும்மா நடந்து போறார்."

"நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"நாங்கள் இஞ்சால நிண்டு கத்துவம். காவல் வந்தா வரட்டும் எண்டு கத்துவம். அவர் திரும்பியும் பாக்கிறதில்லை."

அந்தக் கிழமையிலிருந்து இன்னும் நான்கு தரம் போய் வந்துவிட்டான். ஒவ்வொரு தரமும் மூன்று விடியல், நான்கு விடியல். வீட்டில் இருந்தபடி நானும் அந்த நேரம் எழும்பிவிடுகிறேன். முன்பு அவன் தெரியாமல் நடந்தான், என் சொல்லை நம்பி நடந்தான். இப்போது எல்லாம் தெரிந்துகொண்டு நடக்கிறான். அவனை நிற்பாட்டுவதற்கு என்னிடம் இருந்த ஒரே உண்மையையும் நான் சொல்லி முடித்துவிட்டேன்.